ஜியோசிட்டீஸின் பேட்டைகளும் கதவு எண்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளாளுக்கு இணையத்தில் சொந்தப் பக்கம் வைத்திருந்த காலத்தைப் பற்றி இளையவர்கள் கேட்கும் கேள்விகளும், தங்கள் பழைய பக்கம் எங்கே போனது என்று தேடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன. எல்லாத் தளங்களையும் பேசப் போனால் முடிவே இருக்காது. அதனால் ஜியோசிட்டீஸ் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது வளர்ந்த விதமும் அழிந்த விதமும் தெரிந்தால் மற்றவற்றின் கதையும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

ஜியோசிட்டீஸ் என்பது என்ன?

காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் தந்த அமெரிக்கத் தளம். டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் இருவரும் 1994 இறுதியில் கலிபோர்னியாவில் இதைத் தொடங்கினார்கள். முதலில் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட் என்று பெயர். அடுத்த வருடமே ஜியோசிட்டீஸ் ஆனது. 1997 அக்டோபரில் உறுப்பினர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. 1999 வாக்கில் உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த தளங்களில் அதற்கு மூன்றாவது இடம். அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல்லும் யாகூவும்தான் அதற்கு மேலே இருந்தன.

அதற்கு முன்பு சொந்தப் பக்கம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்திலோ கணினி நிறுவனத்திலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஒரு மின்னஞ்சல் முகவரி போதும் என்று ஜியோசிட்டீஸ் சொன்னது. டிரைபாட், ஏஞ்சல்ஃபயர் போன்ற தளங்களும் அதே காலத்தில் இடம் கொடுத்தன. ஆனால் ஜியோசிட்டீஸுக்கு மட்டும் ஒரு தனி அமைப்பு இருந்தது.

அது என்ன அமைப்பு? ‘பேட்டை’ என்று பேசிக்கொள்கிறார்களே?

தளம் முழுவதையும் ஒரு நகரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். கணினி ஆட்களுக்கு சிலிக்கான்வேலி, அறிவியல் புனைகதைப் பிரியர்களுக்கு ஏரியா51, தத்துவம், கல்வி, எழுத்து என்றால் ஏதென்ஸ், ஆசியா சம்பந்தப்பட்டதென்றால் டோக்கியோ, குடும்பம், வளர்ப்புப் பிராணி, சொந்த ஊர் என்றால் ஹார்ட்லேண்ட், குழந்தைகளுக்கு என்சான்டட்ஃபாரஸ்ட். பேட்டை நிரம்பியதும் அதற்குள்ளே தெருக்கள் திறப்பார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் கதவு எண் உண்டு. பக்கம் வேண்டும் என்கிறவர் முதலில் பேட்டையைத் தேர்ந்தெடுப்பார், அப்புறம் அங்கே எந்த எண் காலியாக இருக்கிறது என்று பார்த்துக் குடியேறுவார். உறுப்பினர்களைக் குடியேறிகள் என்றுதான் நிறுவனமே அழைத்தது.

ஓர் உண்மையான முகவரியைப் பாருங்கள்: ஹார்ட்லேண்ட்/பிளஃப்ஸ்/4157. ஹார்ட்லேண்ட் பேட்டை, பிளஃப்ஸ் தெரு, 4157-ஆம் எண். கனடாவில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி 1998-இல் அங்கே நான்கே நான்கு அசையும் எலிப் படங்களை வரிசை வரிசையாக ஆடவிட்டு, வேகமாக்கிய ஒரு பாட்டையும் ஓடவிட்டார். யார் பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள் என்று தங்கையோடும் தோழியோடும் போட்டி, அவ்வளவுதான் காரணம். பல மாதங்களுக்குச் சில நூறு பேர்தான் வந்தார்கள். 1999-இல் அது பரவத் தொடங்கியபோது உலகம் முழுவதும் ‘ஹாம்ப்ஸ்டர் டான்ஸ்’ என்று பேசினார்கள். அந்த முகவரியில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை, பிரபலத்தின் பெயரும் இல்லை. ஒரு தெருவும் ஓர் எண்ணும் மட்டுமே.

இதைத் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம் இருக்கிறது. கதவு எண் இருந்தால் பக்கத்து வீடு இருக்கும். 4157-ஐப் பார்த்தவர் 4158-ஐயும் தட்டிப் பார்ப்பார். அதே ஆர்வம் உள்ளவர்தான் அங்கேயும் இருப்பார். ஆளைத் தெரியாமலே அண்டை வீட்டுக்காரர் ஆக முடிந்தது. இந்த ஏற்பாட்டை வெறும் அலங்காரம் என்று பலர் எழுதிவிட்டுப் போகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஜியோசிட்டீஸில் சமூகம் உருவாக அதுவே அடிப்படை.

போனெட் இதை யோசித்ததற்குப் பின்னால் அவருடைய வாழ்க்கையும் இருந்தது. அவர் தன்பாலீர்ப்பாளர், உரிமைப் போராட்டங்களில் ஈடுபட்டவர். நீதிபதியாக இருந்த அவருடைய இணையர் 1993-இல் எய்ட்ஸில் இறந்துபோனார். தன்னைப் போன்றவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் தனியாக இருப்பது எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தொடக்க காலப் பேட்டைகளில் ஒன்றான வெஸ்ட்ஹாலிவுட் அப்படிப்பட்டவர்களுக்கென்றே இருந்தது.

அந்தப் பக்கங்களில் அப்படி என்னதான் இருந்தது?

எல்லாம். நாய்க்குட்டிப் படங்கள், ஒரு பாட்டுக் குழுவைப் பற்றி முப்பது பக்க ஆராய்ச்சி, தாத்தா போரிலிருந்து எழுதிய கடிதங்கள், அரிய நோய் வந்த பிள்ளையின் அம்மா அந்த நோயைப் பற்றித் திரட்டியதெல்லாம். பின்னணியில் நட்சத்திரம் மின்னும், பக்கம் திறந்ததும் கீபோர்டு இசை தானாக ஓடும், மஞ்சள் பலகையில் ஒரு ஆள் மண்வெட்டியால் தோண்டிக்கொண்டே இருப்பார்: ‘வேலை நடக்கிறது.’ கீழே எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் கவுன்ட்டர். அதற்கும் கீழே வருகைப் பதிவேடு. ‘உங்கள் பக்கம் நன்றாக இருக்கிறது, என் பக்கத்துக்கும் வாருங்கள்’ என்று யாரோ எழுதியிருப்பார். அவர் வீட்டுக்குப் போய் நாமும் எழுதுவோம்.

ஒரே விஷயத்தைப் பேசும் பக்கங்களை வட்டமாகக் கோத்து, ‘அடுத்தது’, ‘முந்தையது’ என்ற பொத்தான்களால் சுற்றிவர வைத்த வெப்ரிங்குகளும் இருந்தன. கூகுள் வருவதற்கு முன்னால் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தது பெரும்பாலும் இப்படித்தான்.

இதை எல்லாம் செய்தவர்களில் பலர் நிரல் எழுதக் கற்றவர்கள் இல்லை. பிடித்த பக்கத்தைத் திறந்து, அதன் மூலநிரலைப் பார்த்து, வேண்டியதை எடுத்து ஒட்டி, பெயரை மாற்றினால் தன் பக்கம் தயார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லை ஒரு தலைமுறை அப்படித்தான் கற்றது.

இத்தனை பேட்டைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் சமூகத் தலைவர்கள் என்று சிலர் இருந்தார்கள். புதிதாக வந்தவருக்குப் படம் ஏற்றச் சொல்லிக் கொடுப்பது, விதிமீறிய பக்கங்களைக் கண்டு சொல்வது, நல்ல பக்கங்களுக்கு விருது என்று ஒரு சின்னப் படத்தைக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள நிறுவனத்தை இவர்கள் உழைப்பும் தாங்கி நின்றது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அப்படியென்றால் யாகூ வாங்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்ததா?

இல்லை. 1997-இல் பக்கங்களின் மேல் குதித்து வரும் விளம்பரங்களைக் கொண்டுவந்தார்கள். 1998-இல் எல்லாப் பக்கங்களின் மூலையிலும் நிறுவனத்தின் முத்திரை மிதந்தது. வடிவமைப்பைக் கெடுக்கிறது என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். உறுப்பினர்கள் கொடுத்த சொந்த விவரங்களை என்ன செய்கிறது என்பதில் உண்மையை மறைத்ததாக அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் குற்றம்சாட்டி, 1998 ஆகஸ்டில் சமரச உடன்பாட்டுக்கு வரவைத்தது. இணையத் தனியுரிமை விஷயத்தில் அந்த ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை அதுதான். அதே மாதம் நிறுவனம் பங்குச் சந்தைக்கும் போனது.

இலவச இடத்துக்கு யாராவது பணம் கட்டியாக வேண்டும் என்ற சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது. அது கடைசிவரை தீரவில்லை.

யாகூ வந்ததும் என்ன நடந்தது?

1999 ஜனவரியில் யாகூ சுமார் 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஜியோசிட்டீஸை வாங்குவதாக அறிவித்தது. மே மாத இறுதியில் கைமாறியது. ஜூன் கடைசியில் புது விதிமுறை வந்தது. அதைப் படித்தவர்களுக்கு அதிர்ச்சி: உறுப்பினர்கள் ஏற்றிய எழுத்து, படம் எல்லாவற்றையும் யாகூ தன் இஷ்டம்போல என்றென்றைக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது.

எதிர்ப்பு எப்படி வந்தது என்பது அழகான விஷயம். குடியேறிகள் பலர் தங்கள் பக்கத்திலிருந்த வண்ணங்களையும் படங்களையும் எடுத்துவிட்டு முழுக்கச் சாம்பல் நிறமாக்கினார்கள். பேட்டைக்குப் பேட்டை சாம்பல் வீடுகள். சில நாட்களில் யாகூ இறங்கிவந்து விதியைத் திருத்தியது. அண்டை வீட்டாராகப் பழகியிருந்ததால்தான் அவ்வளவு சீக்கிரம் அவர்களால் ஒன்றுகூட முடிந்தது.

ஆனால் அதற்குப் பிறகு நடந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. யாகூ பேட்டை முறையைக் கைவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு அவரவர் யாகூ பெயரிலேயே முகவரி. பழைய கதவு எண்கள் வேலை செய்தன, ஆனால் தெருவே இனி வளராது. உங்கள் பெயரில் முகவரி கிடைத்தது. பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் போனது. பேட்டை இல்லாத இடத்தில் பேட்டைத் தலைவர்களுக்கும் வேலை இல்லை. பின்னால் இலவசப் பக்கங்களுக்குப் பார்வை வரம்பும் வைத்தார்கள். கொஞ்சம் கூட்டம் வந்தால் ‘அளவு தாண்டிவிட்டது, பிறகு வாருங்கள்’ என்று பக்கம் மறைந்துவிடும்.

என் பார்வையில் ஜியோசிட்டீஸ் சமூகமாக இருந்தது 1999 வரைதான். மிச்சமிருந்த பத்து வருடம் அது வெறும் கோப்புக் கிடங்கு.

பேஸ்புக்தானே இதையெல்லாம் கொன்றது?

அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. பேஸ்புக் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது 2004-இல், எல்லோருக்கும் திறந்தது 2006-இல். அதற்குள் பேட்டைகள் போய் ஏழு வருடம் ஆகிவிட்டது. தேடுபொறி நன்றாக வேலை செய்யத் தொடங்கியதும் வெப்ரிங்கைச் சுற்றிவரும் பழக்கம் தேய்ந்தது. வருகைப் பதிவேடுகளில் குப்பை விளம்பரங்கள் கொட்டின. பலர் அதை மூடிவிட்டார்கள். எச்டிஎம்எல் தெரியாமலே தேதிவாரியாக எழுத வலைப்பதிவு வசதிகள் வந்தபோது எழுதுகிறவர்கள் அங்கே நகர்ந்தார்கள்.

பேஸ்புக் வந்தபோது மக்களுக்கு வேண்டியிருந்தது பக்கத்து வீடு. அதை அது கொடுத்தது. ஆனால் அங்கே சுவருக்கு வண்ணம் அடிக்க முடியாது, மூலநிரலைப் பார்த்துக் கற்க முடியாது, யார் வாசலில் யார் நிற்க வேண்டும் என்பதைக்கூட நிறுவனமே தீர்மானிக்கிறது. தனிப்பக்கத்தின் சுதந்திரமும் அண்டை வீடும் ஒரே இடத்தில் கிடைத்த சில வருடங்கள் இருந்தன. அது ஏன் நீடிக்கவில்லை என்ற கேள்வி எனக்கு இன்றும் வலிக்கிற கேள்வி.

மூடியபோது பக்கங்கள் எல்லாம் அழிந்துவிட்டனவா?

2009 ஏப்ரலில் யாகூ மூடப்போவதாக அறிவித்தது. அக்டோபர் 26-இல் மூடியது. குறைந்தது 3.8 கோடி பக்கங்கள் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. அறிவிப்பு வந்தபோது பல பக்கங்களின் சொந்தக்காரர்கள் மின்னஞ்சல் முகவரியையே மாற்றியிருந்தார்கள், சிலர் உயிரோடு இல்லை. எடுத்துவைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

காப்பாற்றியவர்கள் வெளியாட்கள். ஜேசன் ஸ்காட் அந்த வருடத் தொடக்கத்தில்தான் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவை அமைத்திருந்தார். கெடு முடிவதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை பக்கங்களை இறக்கினார்கள். ஒரு வருடம் கழித்து அதை டோரன்டாக, அதாவது பலர் கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கிக்கொள்ளும் கோப்பாக வெளியிட்டார்கள். சுருக்கிய நிலையிலேயே 640 ஜிபிக்கு மேல். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பும் தனியாகச் சேகரித்தது. ஊசிட்டீஸ், ரியோசிட்டீஸ் என்று நகல் தளங்களும் எழுந்தன. ஓலியா லியாலினா, டிராகன் எஸ்பென்ஷீட் என்ற இரண்டு கலைஞர்கள் அந்த டோரன்டை இறக்கி, ஒவ்வொரு பக்கமும் பழைய உலாவியில் எப்படித் தெரிந்திருக்கும் என்று படம் எடுத்து 2013 முதல் வரிசையாக வெளியிட்டார்கள். நேரம் இருந்தால் அவற்றைப் புரட்டிப் பாருங்கள். கடைசியாக ‘சீக்கிரம் புதுப்பிக்கிறேன்’ என்று எழுதிவிட்டுப் போன பக்கங்கள் எத்தனை!

ஜப்பானில் மட்டும் நீண்ட நாள் இருந்ததாமே?

ஆமாம். அங்கே யாகூ ஜப்பான் தனி நிறுவனம். ஜப்பானிய ஜியோசிட்டீஸ் 2019 மார்ச் 31 வரை ஓடியது.

தமிழர்கள் இதில் இருந்தார்களா?

இருந்தார்கள். வெளிநாட்டில் படித்தவர்கள், கணினி வேலையில் இருந்தவர்கள், அப்புறம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி உட்கார்ந்தவர்கள். திரைப்பாடல் வரிகள், திருக்குறள், பிடித்த நடிகர், கவிதை. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் தங்கள் ஊர்ப் பெயரில் பக்கம் திறந்து கோயில் திருவிழாப் படங்களையும் மரண அறிவித்தல்களையும் போட்டார்கள். போர்க்காலத்தில் ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பக்கம்தான் ஊர்ச்சபையாக இருந்தது.

நம் பக்கங்களுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ்ப் பக்கம் படிக்க அந்தப் பக்கத்துக்கு உரிய எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் குறியாக்கம் ஆளுக்கொன்று. 1999-க்குப் பிறகு டிஸ்கி, டேப், டேம் என்ற பொதுக் குறியாக்கங்களால் ஓரளவு ஒழுங்கு வந்தது. பக்கம் காப்பாற்றப்பட்டு எழுத்துரு தொலைந்துபோனால் இன்றைக்குத் தெரிவது புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான்.

தப்பித்த தமிழ் முயற்சிக்கு மதுரைத் திட்டத்தைச் சொல்லலாம். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய இலக்கியத் தொகுப்பு அது. குறியாக்கம் மாறும்போதெல்லாம் தன்னார்வலர்கள் நூல்களை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். தொடர்ந்து கைவைத்ததால்தான் இன்றும் படிக்க முடிகிறது.

என் பழைய பக்கத்தை எப்படித் தேடுவது?

முழு முகவரி நினைவிருந்தால், பக்கங்களின் பழைய பிரதிகளைக் காட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள். பேட்டைப் பெயரின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் கிடைக்காமல் போகலாம். இரண்டு விதத்திலும் முயலுங்கள். 1999-க்குப் பிறகு உங்கள் யாகூ பெயரிலும் பக்கம் திறந்திருக்கலாம், அதையும் தேடுங்கள். எண் மறந்துபோயிருந்தால் பழைய மின்னஞ்சல்களின் கையொப்பப் பகுதியைப் பாருங்கள். அப்போதெல்லாம் முகவரியை அங்கே போடுவது வழக்கம். உங்களுக்கு இணைப்புக் கொடுத்த நண்பரின் பக்கம் கிடைத்தால் அதன் வழியாகவும் போகலாம். கிடைக்கவில்லை என்றால் நகல் தளங்களில் பாருங்கள். ஓரிடத்தில் இல்லாதது இன்னொன்றில் இருப்பதுண்டு. எழுத்து கிடைத்து படங்கள் இல்லாமல் வருவது சாதாரணம்.

கிடைத்துவிட்டது, ஆனால் தமிழ் குப்பையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

முதலில் பக்கத்தைக் கோப்பாகச் சேமியுங்கள். திரையிலிருந்து வெட்டி ஒட்டினால் சில எழுத்துகள் கேள்விக்குறியாகி நிரந்தரமாகத் தொலையும். அப்புறம் மூலநிரலைத் திறந்து எழுத்துருப் பெயர் எழுதியிருக்கிற இடத்தைத் தேடுங்கள். அந்தப் பெயரை வைத்து எந்தக் குறியாக்கம் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கேற்ற மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள். ‘டைனமிக் ஃபான்ட்’ வைத்த பக்கங்கள் கொஞ்சம் கடினம். எழுத்துருவைத் தானாக இறக்கும் அந்த வசதியை இன்றைய உலாவிகள் ஏற்பதில்லை. அங்கேயும் எழுத்துருவின் பெயர்தான் துப்பு.

மற்றவர்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைப்பது சரியா?

இதற்கு எளிதான பதில் இல்லை. பதினைந்து வயதில் எழுதிய டைரி, வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அங்கே கிடக்கின்றன. எழுதியவர் அது இருபத்தைந்து வருடம் வாழும் என்று நினைத்திருக்க மாட்டார். சேமிக்க வேண்டும் என்பதே என் நிலை. சாதாரண மனிதர்கள் இவ்வளவு பெரிய அளவில் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய காலம் அதற்கு முன் இருந்ததில்லை. ஆனால் ஒரு பக்கத்தை எடுத்துப் பரப்பும்போது ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மறைத்துவிடுங்கள். சொந்தக்காரர் நீக்கச் சொன்னால் பேச்சே இல்லாமல் நீக்குங்கள்.

இன்று சொந்தத் தளம் தொடங்கலாமா?

தாராளமாக. கைல் டிரேக் 2013-இல் தொடங்கிய நியோசிட்டீஸ் பழைய முறையிலேயே இலவச இடம் தருகிறது. எச்டிஎம்எல் கற்க நல்ல இடம். நீண்ட நாள் வைத்திருக்க நினைத்தால் தளத்தின் சொந்த முகவரியான டொமைன் பெயரை உங்கள் பெயரில் வாங்குங்கள். இடம் கொடுப்பவர் மூடினாலும் கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டு அதே முகவரியில் தொடரலாம். தளத்தின் முழுப் பிரதி ஒன்று எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும். புதிதாக ஏற்றும் ஒவ்வொரு பக்கத்தையும் வேபேக் மெஷினில் சேமிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள், இலவசம்தான். பிடித்த தளங்களுக்கு இணைப்புக் கொடுக்க ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அவர்களுக்கு ஒரு வரி எழுதியும் சொல்லுங்கள்.

டொமைனைப் புதுப்பிக்கும் தேதியையும் கடவுச்சொல்லையும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியும்படி எழுதி வையுங்கள். எழுதியவர் இறந்த பிறகு புதுப்பிக்க ஆளில்லாமல் நல்ல தளங்கள் போயிருக்கின்றன, அந்தப் பெயரை வேறு யாரோ வாங்கி சூதாட்ட விளம்பரம் ஓட்டுகிறார்கள்.